ஆறேகால் காசு

பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம முறைக்கு மாறிற்று. ரூபாய் அப்படியே நின்றது. அதன் உட்பிரிவு மட்டும் 100 நயா பைசாவாயிற்று.

இடர்ப்பாடு இங்கேதான் பிறந்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால் வரும். கால் காசுக்கு நாணயம் ஏது? ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை வகுத்தனர். மூன்று ஓரணாக்களை ஒருங்கே கொடுத்தவனுக்கு 19 காசுக் கணக்கு. வெவ்வேறு வேளையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தவனுக்கு 18 தான். ஒரு காசுதானே என்பீர்கள். காலையில் ஓரணாவுக்குப் புளியும் மாலையில் ஓரணாவுக்கு எண்ணெயும் வாங்கும் கூலியாளுக்கு அது சிறிதன்று. மொத்தமாக வாங்க வல்லவனுக்கு அந்தக் கவலை இல்லை.

இலங்கையிலும் பணத்தின் பெயர் ரூபாயே. ஆயினும் அங்கு அது 1872-லேயே 100 சதமாகி விட்டமையால், யாழ்ப்பாணத்து வணிகர்க்கு இத்தொல்லை நேரவில்லை.

மக்கள் நாவோ எந்த அட்டவணைக்கும் கட்டுப்படவில்லை. கால் ரூபாய் அவர்களுக்கு நாலணா. அரை ரூபாய் எட்டணா. ‘நயா’ என்னும் அடைமொழி 1964-இல் நீங்கிற்று. 25 காசு நாணயமே 2011 ஜூன் 30-உடன் செல்லாததாயிற்று. கடைசி நாள் வரையில் கடைத்தெருவில் அதற்கு நாலணா என்றே பெயர்.