நாகர் என்னும் பெயரும் நாகதீவும்

நயினை என்று யாழ்ப்பாணத்தார் சுருக்கி அழைக்கும் நயினாதீவு, இலங்கையின் தொல்குடிகளுள் ஒன்றாகிய நாகரோடு தொன்றுதொட்டுத் தொடர்புபடுத்தப்பட்டு வரும் நிலமாகும். சிங்களவர் இத்தீவை நாகதீப என்றே வழங்குவர்.

‘நாகம்’ என்னும் சொல் பாம்பு, யானை, மலை, வானுலகு எனப் பல பொருள் தருவதால், ‘நாகர்’ என்போர் மானிடரா, கதைமாந்தரா என்ற ஐயம் ஆய்வாளரிடையே நெடுங்காலம் நிலவியது. தொல்லியலாளர் பரணவிதான அவர்களை மனித இனமாகக் கொள்ளவில்லை. ஆயினும் மணிமேகலையில், கலம் உடைந்து கரையொதுங்கிய சாதுவன் என்னும் வணிகன், நாகரின் மொழியைத் தான் முன்னரே கற்றிருந்தமையால் அவர்களிடம் உயிர் தப்புகிறான். தமக்கென ஒரு மொழியும் தலைவனும் உடைய மக்கட் கூட்டத்தையே அக்காப்பியம் அங்கு இப்பெயரால் சுட்டுகிறது. அதே காப்பியம் மணிபல்லவத் தீவிலும், பாளி நூலாகிய மகாவம்சம் நாகதீபத்திலும் வைத்து, ஓர் இருக்கைக்காகப் போரிட்ட இரு நாக அரசரைப் புத்தர் அமைதிப்படுத்தியதாகக் கூறுவதால், அறிஞர் பலர் அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வர்.

நாகதீபம் என்பதிலுள்ள ‘தீப’ விளக்கன்று. தீவு எனப் பொருள்படும் பாளிச் சொல். வடமராட்சியின் வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த, அநுராதபுர மன்னன் வசபன் காலத்துப் பொன்னேடு, இசிகிராயன் என்னும் அமைச்சன் நகதிவ என்னும் பகுதியை ஆண்டதாகக் குறிப்பிடுகிறது. ஆகவே முற்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் தழுவி நின்ற இப்பெயர், காலப்போக்கில் ஒரு சிறு தீவளவில் சுருங்கியது எனலாம். ‘நயினா’ என்பதோ ‘நாக’ என்பதன் திரிபாகத் தோன்றவில்லை; தலைவன், இறைவன் எனப் பொருள்படும் ‘நயினார்’ என்பதன் வழியே அது வந்ததெனக் கொள்வது ஒலிமுறைக்குப் பொருந்தும்.

முடிநாகராயர், இளநாகனார் எனச் சங்கப் புலவர் பெயர்களிலும், இளநாகன், சோரநாகன் என அநுராதபுர மன்னர் பெயர்களிலும் ‘நாக’ என்னும் சொல் ஒருங்கே வழங்கியது. நாகர் அழிந்தொழியவில்லை, தமிழரோடும் சிங்களவரோடும் கலந்து இரு இனங்களின் ஆக்கத்திலும் பங்குகொண்டனர் என்று வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா காட்டிய முடிவுக்கு இதுவே வலுவான சான்று.

நயினை நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் இவ்விரு இனங்களும் இங்கு கலந்து நின்ற மரபைக் காட்டுகிறது. அயல்நாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு பங்கும், வாணிகக் கலம் உடைந்தால் சரிபாதியும் அரச பண்டாரத்தைச் சேருமென்றும் அது விதிக்கிறது. அதனைப் பொறித்தவன் சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, பொறித்த மொழி தமிழ்.

நாகதம்பிரானுக்குப் பொங்குவோரும், பிள்ளைகளுக்கு நாகம்மா, நாகலிங்கம், நாகேஸ்வரி எனப் பெயரிட்டு வந்தோரும் காத்த ‘நாக’ என்னும் சொல்லை ஓரினத்தின் தனியுரிமைக்குச் சான்றாக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. நாகர் இலங்கையின் இரு மொழி மக்களுக்கும் பொதுவான மூதாதையர்.