ஷானன் ஆற்றங்கரையில் ஒரு பிளாசி

பிளாசி என்றதும் வரலாறு பயின்றோர்க்கு 1757ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் நடந்த போர் நினைவுக்கு வரும். வங்க நவாபு சிராஜ் உத்தௌலாவை, அவருடைய தளபதி மீர் ஜாபரின் துரோகத்தைத் துணையாகக் கொண்டு ராபர்ட் கிளைவ் வென்ற களம் அது. அதே பெயரில் அயர்லாந்திலும் ஓர் இடம் உண்டு. லிமெரிக் நகரை அடுத்து, ஷானன் ஆற்றங்கரையில் உள்ள அந்தப் பிளாசியில்தான் இன்று லிமெரிக் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. வங்கத்துச் சிற்றூரின் பெயர் அவ்வளவு தொலைவு சென்ற கதையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

பிளாசி என்பது ஆங்கிலேயர் நாவில் திரிந்த வடிவம். வங்காளியர் பலாசி என்பர். செந்நிறப் பூக்கள் பூக்கும் பலாச மரத்தினால் வந்த பெயர் என்பர். அம்மரத்தை நாம் புரசு என்கிறோம். சென்னைப் புரசைவாக்கமும் அம்மரத்தால் பெயர் பெற்றதே.

கிளைவ் தமிழகத்திற்குப் புதியவர் அல்லர். 1744இல் சென்னைக்கு வந்து, கம்பெனியின் எழுத்தராகப் பணி தொடங்கியவர். 1751இல் ஆர்க்காட்டு முற்றுகையால் புகழ் பெற்றவர். பிளாசி வெற்றிக்குப் பின் புதிய நவாபான மீர் ஜாபரிடமிருந்து அவர் பெற்றது 2,34,000 பவுன். ஆண்டுதோறும் ஏறத்தாழ 27,000 பவுன் தரும் ஜாகீர் வருமானமும் பின்னர் அவருக்குக் கிடைத்தது.

1762இல் அவருக்குப் ‘பிளாசிப் பிரபு’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அஃது அயர்லாந்துப் பட்டமாகும். அக்காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்கள் பிரபுக்கள் சபையிலேயே அமர வேண்டியிருந்தது. அயர்லாந்துப் பட்டம் பெற்றவரோ பிரிட்டிஷ் மக்கள் சபையில் உறுப்பினராக இருக்கலாம். அரசியல் செல்வாக்கை விடாமலே பிரபுவாக விளங்க அப்பட்டம் வழி செய்தது. லிமெரிக், கிளேர் ஆகிய வட்டாரங்களில் நிலம் வாங்கிய கிளைவ், அதில் ஒரு பகுதிக்குத் தம் வெற்றிக்களத்தின் பெயரையே சூட்டினார்.

எஸ்டேட் என்றால் நமக்கு ரப்பர் மரங்களும் தொழிலாளர் வரிசை வீடுகளும் கண்முன் நிற்கும். அயர்லாந்து எஸ்டேட் வேறு வகை. பெருமாளிகையும் பூங்காவும் உடையவர்க்கு. சிறு துண்டு நிலமும் அதற்குரிய வாரமும் குடியானவர்க்கு. உடையவர் பலர் ஆங்கிலேய வழியினர். பிளாசி நிலமும் கைமாறி மான்ஸெல் குடும்பத்தாரிடமும், பின்னர் மாவு ஆலைகள் நடத்திய ரஸல் குடும்பத்தாரிடமும் இருந்தது. ஆற்றங்கரையில் இன்றும் நிற்கும் வெள்ளை மாளிகை 19ஆம் நூற்றாண்டின் செல்வச் சின்னம்.

1845ஆம் ஆண்டு இக்கதையில் முக்கியமானது. அவ்வாண்டில்தான் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து அயர்லாந்தில் பெரும் பஞ்சம் தொடங்கிற்று. பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். அவ்வாண்டிலேயே பெல்பாஸ்ட், கார்க், கால்வே நகரங்களுக்கு உயர்கல்விக் கல்லூரிகள் தரும் சட்டமும் நிறைவேறியது. லிமெரிக் மக்களுக்குக் கல்லூரி கிட்டவில்லை.

அந்தக் குறை தலைமுறை தலைமுறையாக நீடித்தது. 1959இல் நகர மக்கள் பல்கலைக்கழகம் வேண்டிக் குழு அமைத்தனர். அவர்களுடைய விடாமுயற்சியின் பயனாக 1972இல் பிளாசி மாளிகையிலும் அதனைச் சூழ்ந்த நிலத்திலும் தேசிய உயர்கல்வி நிலையம் தொடங்கியது. அதன் இயக்குநர் எட்வர்ட் வால்ஷ். தொழிற்கூடங்களிலும் அலுவலகங்களிலும் மாணவர் சில திங்கள் பணிபுரிந்து பயில்வதைப் பட்டப்படிப்பின் ஓர் அங்கமாகவே அந்நிலையம் வைத்தது. 1989இல் சட்டத்தின் வழி அது பல்கலைக்கழகமாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் அயர்லாந்தில் முதன்முதல் தோன்றிய பல்கலைக்கழகங்கள் இரண்டு. லிமெரிக் ஒன்று, அவ்வாண்டே உயர்வு பெற்ற டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் மற்றொன்று. 2007இல் ஷானன்மேல் ஏறத்தாழ 350 மீட்டர் நீள நடைபாலம் எழுந்து, லிமெரிக், கிளேர் இரு கரைகளிலும் உள்ள வளாகத்தை இணைத்தது.

பிளாசி என்னும் பெயரை அழித்துவிடலாமே என்று கேட்போர் இருக்கலாம். அழித்தால் அந்நிலத்தை வாங்கிய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றும் அழியும். நம் மலாயாத் தோட்டங்கள் சிலவும் துரைமாரின் ஊர்ப்பெயர்களைச் சுமக்கின்றன. ஸ்காட்லாந்தின் பழம்பெயர் தாங்கிய பினாங்குக் கலடோனியாத் தோட்டம் அவற்றுள் ஒன்று. பெயரை வைத்துக்கொள்வோம், அதன் பொருளை மட்டும் மாணவர்க்கு மறைக்க வேண்டா. ஒருவரின் வெற்றிப் பெருமைக்காகப் பெயர் பெற்ற நிலத்தில் இன்று குடியானவரின் வழிவந்த பிள்ளைகளும் பட்டம் பெறுகின்றனர். அதனை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது ஊரார் கூடிக் கேட்ட குரலே.