கப்பல் தலைவர்களின் நற்சான்றும் மின்னொப்பமிட்ட மருத்துவச் சான்றும்: கார் நிக்கோபாரில் அடையாளத்தின் வரலாறு

மருத்துவத் துறையில் 'மையமற்ற அடையாளம்' என்னும் கருத்து அண்மைக் காலமாக மிகுதியாகப் பேசப்படுகிறது. ஒரு நோயாளி யார், அவருக்கு எந்தத் தடுப்பூசி போடப்பட்டது, எந்த மருந்து ஒவ்வாது என்பன போன்ற விவரங்களை ஒரே மையத் தரவுத்தளத்தில் குவிக்காமல், மின்னொப்பமிட்ட சான்றுகளாக அவர் கையிலேயே கொடுத்துவிடுவது இதன் அடிப்படை. இதில் மூவர் பங்கேற்கின்றனர்: சான்றை வழங்குபவர், வைத்திருப்பவர், சரிபார்ப்பவர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, சரிபார்க்கத்தக்க சான்றுகளுக்கான தரவு மாதிரியை 2019 நவம்பரிலும், மையமற்ற அடையாளங்காட்டிகளுக்கான வரையறையை 2022 ஜூலையிலும் தன் பரிந்துரைகளாக வெளியிட்டது.

இம்மூவர் அமைப்பு கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால், கார் நிக்கோபாரின் வரலாற்றைப் படித்தால் இதே அமைப்பு காகிதத்தில் இயங்கிய ஒரு காலம் புலப்படும். அதன் குறையும் அங்கேயே புலப்படும். சான்று ஒருவர் கையில் இருப்பது வேறு. அதன்மேல் அவருக்கு ஆளுமை இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று குறிப்பிடும் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் உள்ளது கார் நிக்கோபார். பரப்பு ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர். தீவினர் தம் மண்ணைப் 'பூ' என்றே அழைக்கின்றனர். அவர்கள் பேசும் மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தேங்காய் வணிகத்தின் பொருட்டுப் பல நாட்டுக் கப்பல்கள் இங்கு வந்து சென்றன. வந்த கப்பல் தலைவரிடம், தம்மோடு நேர்மையாக வணிகம் செய்தார் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது தீவினரின் வழக்கம். அத்தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த கப்பல் வரும்போது படகில் எதிர்சென்று காட்டுவர். 1858 பிப்ரவரியில் இங்கு வந்த ஆஸ்திரிய நாட்டு 'நோவாரா' கப்பலின் பயண விவரிப்பு முதலிய ஐரோப்பியக் குறிப்புகள் இவ்வழக்கத்தைச் சொல்கின்றன. வெளியாருடன் பழகுவதற்கென 'நெல்சன்' போன்ற ஆங்கிலப் பெயர்களைத் தீவினர் சூடிக்கொண்டதையும் அவை பதிவு செய்துள்ளன.

இன்றைய கலைச்சொற்களில் கூறினால், கப்பல் தலைவர் வழங்குபவர், தீவினர் வைத்திருப்பவர், அடுத்த கப்பல் தலைவர் சரிபார்ப்பவர். நடுவில் எந்த அலுவலகமும் இல்லை, எந்தப் பதிவேடும் இல்லை. ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. தீவினரின் மொழிக்கு அப்போது எழுத்து வடிவம் இல்லை. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை, அத்தாளை வைத்திருந்தவரால் படித்தறிய இயலவில்லை. புகழுரையா, எச்சரிக்கையா என்பது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் மட்டுமே தெரியும். சான்றைச் சுமப்பவர் அதன் பொருளுக்கு வெளியே நின்றார்.

1869இல் பிரிட்டிஷ் அரசு நிக்கோபாரைத் தன் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தபின் இம்முறை மாறியது. ஊர்த்தலைவர்களுக்கு அரசே நியமனச் சான்றும் கொடியும் உடையும் வழங்கியது. வந்து செல்லும் கப்பல்களின் தலைவர்கள் எழுதிக் கையொப்பமிட ஒரு பதிவேட்டையும் ஊர்த்தலைவரிடம் கொடுத்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஈட்டிய நற்பெயரின் இடத்தில் அரசின் அங்கீகாரம் வந்து அமர்ந்தது. மையமற்ற முறை மைய முறையாக மாறிய கதையை இதில் காண்கிறோம்.

எழுத்தறிவு இதன் பின்னரே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மதராஸிலிருந்து சென்ற வேதப்பன் சாலமன், மூஸ் என்னும் ஊரில் அரசு முகவராகவும் உபதேசியாராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். அவருடைய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902இல் பிரிட்டனின் மானிடவியல் கழக இதழில் வெளியாயின. அவரிடம் பயின்ற தீவுச் சிறுவர்களுள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன் (1884–1978). பின்னாளில் ஆயராகவும், 1952இல் நாடாளுமன்ற மக்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய அவர், புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். தீவின் அரசு மருத்துவமனை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று பெயர் பற்றியது. நிக்கோபார் மொழிகளை ஆராய்ந்த டேனிய நாட்டவரான டி ரோப்ஸ்டார்ஃப், இறந்தவரின் பெயரை உச்சரிப்பதைத் தீவினர் தவிர்த்ததையும், அப்பெயர் அன்றாடச் சொல்லாக இருந்தால் அச்சொல்லே வழக்கொழிந்து போனதையும் குறித்துள்ளார். உறவினர் இறந்தபின் தம் பெயரையே மாற்றிக்கொள்வதும் உண்டு. பெயர் என்பது வாழ்நாள் முழுதும் மாறாமல் ஒட்டியிருக்கும் முத்திரை என்னும் கருத்து எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதன்று. இன்று தீவினருள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். பழைய வழக்கங்கள் பெரிதும் மாறிவிட்டன. ஆயினும் இவ்வரலாறு ஒரு வடிவமைப்புப் பாடத்தைத் தருகிறது. ஆதாரில் ஒருவர் தம் பெயரை வழக்கமான முறையில் இரண்டு முறை மட்டுமே திருத்த இயலும். மையமற்ற அடையாளங்காட்டியிலோ பெயர் கட்டாயமன்று. அது ஒரு திறவியோடு பிணைந்த முகவரி. பெயரைத் தனிச் சான்றாக வழங்கலாம், மாறும்போது புதிய சான்று தரலாம்.

மருத்துவத்திற்கு இது ஏன் தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் போர்ட் பிளேர் மையம், நிக்கோபார் மக்களிடையே ஹெபடைடிஸ் பி தொற்று மிகுந்திருப்பதைக் கண்டறிந்தது. கார் நிக்கோபாரில் தடுப்பூசி முயற்சியும் நீண்டகாலப் பின்தொடர் ஆய்வும் நடைபெற்றன. பல தவணைகளாகப் போடப்படும் தடுப்பூசிக்கு, முதல் தவணை பெற்றவரும் கடைசித் தவணை பெறுபவரும் ஒருவரே என்னும் உறுதி வேண்டும். அதே வேளையில், இத்தொற்று உள்ளவர் என்னும் செய்தி தேவையற்றவர் கண்ணில் படலாகாது. சிறிய தீவில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். மறைகாப்பு இங்கு நகரத்தைவிடக் கடினம்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கரையோர ஊர்களை அவற்றின் காகிதங்களோடு அழித்தது. நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2001இல் 42,068, 2011இல் 36,842. நிவாரணமும் புதிய வீடுகளும் தனிக் குடும்பத்தை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டன. நிலத்தையும் தென்னையையும் பொதுவில் ஆண்ட 'துஹேத்' என்னும் கூட்டுக்குடும்பத்திற்கு அப்படிவங்களில் இடமில்லை. அதன் பிணைப்பு தளர்ந்ததை ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது, எது இல்லை என்பது ஒரு சமூகத்தின் அமைப்பையே மாற்ற வல்லது.

2020 ஆகஸ்டில் இரு நிகழ்வுகள் ஐந்து நாள் இடைவெளியில் நிகழ்ந்தன. 10ஆம் நாள், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வழியே கார் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளை இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை இணைய இணைப்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர். 15ஆம் நாள், தேசிய மின்னணு நலவாழ்வு இயக்கம் அறிவிக்கப்பட்டது. முன்னோட்டத்திற்குத் தேர்ந்த ஆறு ஒன்றியப் பகுதிகளுள் அந்தமான் நிக்கோபாரும் ஒன்று. 2021 செப்டம்பரில் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. இத்திட்டத்தில் நோயாளியின் பதிவுகள் அவை உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். அவரது ஒப்புதலின் பேரில் பகிரப்படும். ஆனால் 14 இலக்க அடையாள எண்ணை வழங்குவதும் வைத்திருப்பதும் மையப் பதிவேடே. பதிவுகள் பரவியுள்ளன, அடையாளம் பரவவில்லை எனலாம். இதற்கு மாறாக, 2021இல் கோவின் தளம் வழங்கிய தடுப்பூசிச் சான்று, மேற்சொன்ன சரிபார்க்கத்தக்க சான்று வரையறையைப் பின்பற்றியது. அதன் கியூஆர் குறியில் மின்னொப்பம் உண்டு. பொதுத் திறவி கையிலிருந்தால் தரவுத்தளத்தைக் கேளாமலே சரிபார்க்கலாம்.

ஆகவே, கார் நிக்கோபார் மருத்துவமனையில் மையமற்ற அடையாளச் சேவையகம் ஒன்றை நிறுவுவதானால், வரலாறு நான்கு நிபந்தனைகளை முன்வைக்கிறது என்பேன்.

முதலாவது, இணைப்பு அறுந்தாலும் இயங்க வேண்டும். வழங்குபவரின் பொதுத் திறவியும் திரும்பப் பெற்ற சான்றுகளின் பட்டியலும் வலைத்தளத்தில் மட்டும் இருந்தால், கம்பிவடம் பழுதாகும் நாளில் சரிபார்ப்பு நின்றுவிடும். அவற்றின் படி ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும், நோயாளிகள் அனுப்பப்படும் போர்ட் பிளேர் மருத்துவமனையிலும் இருந்து, உரிய கால இடைவெளியில் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, வேண்டியதை மட்டும் காட்டும் வசதி. தடுப்பூசி போட்டாயிற்று என்பதைக் காட்ட, தொற்று நிலையைக் காட்டத் தேவையில்லை.

மூன்றாவது, இழந்ததை மீட்கும் வழி. கைப்பேசி கடலோடு போனால் தனித் திறவியும் போய்விடும். நம்பிக்கைக்குரிய பலரிடம் மீட்புக் கூறுகளைப் பகிர்ந்து வைக்கும் முறை உண்டு. துஹேத் உறுப்பினர்கள் அதற்குப் பொருத்தமானவர்களாகத் தோன்றலாம். ஆனால் மீட்க உதவுபவர் தாமே திறந்து படிக்க இயலாதவாறு, தனித்தனிக் கூறுகளாகவே அது பகிரப்பட வேண்டும்.

நான்காவது, என் பார்வையில் முதன்மையானது, வைத்திருப்பவர் தம் சான்றைத் தம் மொழியில் படிக்க வேண்டும். கியூஆர் குறி கண்ணால் படிக்க இயலாத எழுத்து. அதன் உள்ளடக்கம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் விரியுமானால், 1858இல் படகில் தாள் ஏந்தி நின்றவரின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு குறைவு. கார் நிக்கோபார் மொழி எட்டாம் அட்டவணையில் இல்லை. ஆயினும் நூறாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டு வரும் மொழி அது. அகராதியும் மொழிபெயர்ப்பு நூல்களும் உடையது. 'ஒவ்வாமை', 'ஒப்புதல்', 'திரும்பப் பெறுதல்' ஆகிய சொற்களுக்கு அம்மொழியில் இணையானவற்றை, அதைப் பேசுவோருடன் அமர்ந்து வகுப்பது சேவையகத்தை நிறுவும் பணியின் முதற்படியாகவே இருக்க வேண்டும். இறுதியில் ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாக அன்று.

திறவிகளையும் நெறிமுறைகளையும் கணினியியலார் வகுப்பர். அடையாளம் என்றால் என்ன, பெயர் யாருடையது, ஒப்புதல் எந்த மொழியில் கேட்கப்படுகிறது ஆகிய கேள்விகள் வரலாற்றுக்கும் மொழியியலுக்கும் உரியவை. இத்துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள், தாங்கள் அறிந்த சிறுபான்மை மொழிச் சூழல்களோடு இதை ஒப்பிட்டு எழுதினால் உரையாடல் பயனுடையதாகும்.