நடந்து போன குடிசை



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு தம்பி சுவிட்சர்லாந்து போயிருக்கிறான். போன வாரம் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினான். ரோன் பனியாற்றின் ஓரம் பெரிய பெரிய வெள்ளைத் துணிகள் போர்த்திக் கிடக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்காகக் குடைந்த பனிக்குகை உருகாமலிருக்க இந்த ஏற்பாடாம். கீழே ஒரு கேள்வி: "பனியாறு நகரும்னு சொல்லிக் கொடுத்தீங்களே டீச்சர், அதை முதல்ல யார் அளந்தாங்க?"

வகுப்பில் கேட்டிருந்தால் "அடுத்த பாடத்தில் வரும், உட்கார்" என்றிருப்பேன். இப்போது பென்ஷன்காரி. நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

1827இல் ஹூகி என்ற சுவிஸ் ஆய்வாளர் உன்டெரார் பனியாற்றின் மேல் ஒரு சிறு குடிசை கட்டினார். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், குடிசை கட்டிய இடத்தில் இல்லை, கீழே இறங்கியிருந்தது! 1839இல் லூயி அகாசி அங்கே போனபோது அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்திருந்தது. அகாசி அதே பனியாற்றில் ஒரு பெரிய பாறையின் அடியில் தங்கி, பனியில் குறுக்காக வரிசையாகக் கழிகளை நட்டார். நடுவில் இருந்த கழிகள் முன்னே போயின. ஓரத்துக் கழிகள் பின்தங்கின. நம் ஊர் ஆற்றிலும் நடுவில்தானே இழுப்பு அதிகம்? பனியாறும் ஆறுதான். (இதே அகாசி பிற்காலத்தில் அமெரிக்கா போய், மனித இனங்களில் உயர்வு தாழ்வு பேசினார். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.)

1874 முதல் ரோன் பனியாற்றின் குறுக்கே வண்ணம் பூசிய கற்களை வரிசையாக வைத்து ஆண்டுதோறும் அளந்தார்கள். 1894இல் ஜூரிச்சில் பன்னாட்டுப் பனியாற்று ஆணையம் பிறந்தது. அதில் ஃபோரெல் என்பவரின் பங்கு பெரிது. ஜெனீவா ஏரியை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். அன்று அவர்களுக்குப் பூமி சூடாவது பற்றிய கவலை இல்லை. பழைய பனி யுகங்கள் ஏன் வந்தன என்று அறியத்தான் அளக்கத் தொடங்கினார்கள்.

பனியாற்றின் நுனி எவ்வளவு பின்வாங்கியது என்று பார்த்தால் மட்டும் போதாது. மேலே நடக்கும் மாற்றம் நுனிக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே குதிர்க் கணக்குப் போல ஒன்று பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் விழுந்த பனி குதிரில் கொட்டிய நெல். கோடையில் உருகியது எடுத்துச் செலவழித்தது. பனியில் ஆழமாகத் துளையிட்டுக் கழியை இறக்கி வைக்கிறார்கள். கோடை முடிவில் கழி ஒரு மீட்டர் கூடுதலாக வெளியே தெரிந்தால், அங்கே ஒரு மீட்டர் பனிக்கட்டி போய்விட்டது; தண்ணீராகச் சொன்னால் சுமார் 90 செ.மீ. கிளாரிடன் என்ற இடத்தில் இந்தக் கழிக் கணக்கு 1914இலிருந்து நடக்கிறது. இரண்டு உலகப் போர் வந்தும் ஆட்கள் மலையேறிப் போய்க் கழியைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அந்தக் கணக்கு இப்போது சொல்வது இது: 2022இல் மட்டும் சுவிஸ் பனியாறுகளின் மொத்தப் பனியில் சுமார் 6 சதவீதம் போயிற்று. அடுத்த ஆண்டு 4 சதவீதம். 1893 முதல் அளந்து வந்த பிட்சோல் பனியாறு துண்டு துண்டாகச் சிதறிப்போனதால், அதைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2019 செப்டம்பரில் கறுப்பு உடை உடுத்தி மலையேறிப் போய், அதற்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "இமயமலை ஆறுகள் ஏன் வற்றாத ஜீவநதிகள் எனப்படுகின்றன?" என்பது நான் வழக்கமாகக் கேட்கும் இரண்டு மார்க் கேள்வி. ஒரு மாணவி, "மலையில் பனி இருக்கும்வரை அவை வற்றாது" என்று எழுதியிருந்தாள். 'இருக்கும்வரை' என்பது புத்தகத்தில் இல்லையென்று அடித்து, ஒரு மார்க் குறைத்தேன். அவள் முகம் நினைவிருக்கிறது, பெயர்தான் வரவில்லை. அம்மா, நீ இந்தக் குழுவில் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுது. அந்த ஒரு மார்க்கை நான் போட வேண்டும்.