பாட்டன் நிலமும் ஒரு பெண்ணின் பாட்டும்



"இது எங்க பாட்டன் பூட்டன் உழுத மண்ணு" என்று சொல்லும்போது வருகிற பெருமை எல்லா நாட்டுக் குடியானவர்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மலைநாட்டிலும் அந்தப் பெருமை இருந்தது. அந்த மண் பாழான கதையைப் பாட்டாகக் கட்டியவர் ஒரு பெண். பெயர் ஜீன் ரிச்சி.

1922-ல் பெர்ரி மாவட்டத்தில் வைப்பர் என்ற சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் 14 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அவர் கட்டிய பாட்டு 'பிளாக் வாட்டர்ஸ்', அதாவது கறுப்புத் தண்ணீர். தெளிந்த ஓடையும் மக்காச்சோளக் கொல்லையுமாக இருந்த தன் நிலத்தில் இன்று கறுத்த தண்ணீர் ஓடுகிறதே என்று ஒரு குடியானவர் சொல்லி அழுகிற பாட்டு அது.

தண்ணீர் ஏன் கறுத்தது? அதற்குப் பின்னால் ஒரு பத்திரம் இருக்கிறது.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலக்கரிக்காக ஆட்கள் அந்த மலைகளில் வீடு வீடாகப் போனார்கள். நிலம் உங்களுக்கே, நீங்களே உழுதுக்கலாம், மண்ணுக்கு அடியில இருக்கிறதை மட்டும் எழுதிக் கொடுங்க என்பதுதான் பேச்சு. பல இடங்களில் ஏக்கருக்கு அரை டாலர்தான் விலை. எழுத்துத் தெரியாத பலர் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். கரி எடுக்கத் தேவையான எதையும் செய்துகொள்ளலாம், சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

அப்போது சுரங்கம் தோண்டித்தான் கரி எடுப்பார்கள். ஐம்பது, அறுபது வருஷம் கழித்து புல்டோசர் வந்தது. மலையின் மேல்மண்ணையே வழித்துத் தள்ளினார்கள். கொல்லை புதைந்தது, ஓடை கெட்டது. பேரப்பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால், உங்க தாத்தா எழுதிக் கொடுத்தது செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

1965 நவம்பரில், பக்கத்து நாட் மாவட்டத்தில், கணவரை இழந்த 61 வயது ஆலி கோம்ப்ஸ் தன் நிலத்துக்கு வந்த புல்டோசர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் அவரைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வருஷத்து நன்றித் திருநாள் சாப்பாடு அவருக்குச் சிறையில்தான். தூக்கிச் செல்லும் போட்டோ பத்திரிகையில் வந்ததும் ஊரே கொதித்தது. போராட்டம் ஓயவில்லை. கடைசியில் 1988-ல் மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆதரவு ஓட்டு 80 சதவீதத்துக்கும் மேல். பழைய பத்திரத்தைக் காட்டி, நிலத்துக்காரர் சம்மதமில்லாமல் இப்படி மலையை வழிப்பதற்கு அதன்பிறகுதான் தடை வந்தது.

இன்னொன்றும் சொல்லணும். ஜீன் ரிச்சி இந்த மாதிரிப் பாட்டுகளை முதலில் தன் பெயரில் வெளியிடவில்லை. ஆம்பளை பெயர் இருந்தால்தான் காது கொடுப்பார்கள் என்று நினைத்து, தன் தாத்தாவின் பெயரில் 'தான் ஹால்' என்று போட்டார். பாட்டன் நிலத்தைப் பாடவும் ஒரு பெண்ணுக்குப் பாட்டன் பெயர் வேண்டியிருந்தது!

நம்ம குழுக் கூட்டத்தில் தீர்மானத்தை வாய்விட்டு வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். அதே பழக்கம் வீட்டு நிலப் பத்திரத்துக்கும் வரணும். ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. புரியலைன்னா பேனாவைக் கீழே வைங்க. இன்னைக்கு நாம போடுற கையெழுத்து, நம்ம பேத்தி காலத்திலும் பேசும்.