புதுச்சேரியில் பிள்ளைப்பேறு: சுவீகாரத்திலிருந்து ஆய்வகம் வரை

புதுச்சேரியில் குழந்தையில்லாமை நெடுங்காலம் கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய பொருளாக இருந்து, மிகப் பிற்காலத்தில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. அரசும் வேம்பும் இணைந்து நின்ற இடத்தில் நாகப் பிரதிஷ்டை செய்து வலம் வருவதும், கோயில் மரக்கிளையில் சிறு தொட்டில் கட்டுவதும் தமிழகமெங்கும் உள்ள வேண்டுதல்களே. ஆனால் வாரிசில்லாத வீட்டின் சொத்து யாரைச் சேரும், கொள்ளி வைக்கும் உரிமை யாருக்கு, குடும்பப் பெயர் யாரால் தொடரும் என்னும் கேள்விகளுக்கு இவ்வூர் கண்ட விடைகள், பிரெஞ்சு ஆட்சிக்கு உட்படாத தமிழ் ஊர்கள் அறியாதவை. இன்று செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைகளை ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் செலவையும் வெற்றி வாய்ப்பையும் மட்டுமே எடைபோடுகின்றனர். குறை யாரிடத்தில் உள்ளது, பிறக்கும் குழந்தை யாருடையது என்னும் பழைய கேள்விகளுக்கு ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு புதிய விடையைத் தருகிறது என்பதை இந்நகரின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது.

நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பின் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சு நிர்வாகம், 1819 ஜனவரி 6ஆம் நாள் பிறப்பித்த ஒழுங்காணையின் வழியே பிரான்சின் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எனினும் இந்துவாயினும் முஸ்லிமாயினும் கிறிஸ்தவராயினும், உள்ளூர் மக்கள் தத்தம் சாதி வழக்கங்களின்படியே தீர்ப்புப் பெறுவர் என்று அதே ஆணை உறுதியளித்தது. அவ்வழக்கங்கள் எவை என்பதை ஐரோப்பிய நீதிபதிகளுக்கு எடுத்துரைப்பதற்காக 1827இல் உள்ளூர்ப் பெரியோரைக் கொண்ட இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. இவ்வேற்பாட்டின் கீழ் மகனில்லாத இந்துக் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று சுவீகாரம், அதாவது பெற்றோர் தாமே மனமுவந்து கொடுக்க, சடங்கோடு பெற்றுக்கொள்ளப்படும் சிறுவன் பிறந்த குடும்பத்தின் உரிமைகளைத் துறந்து புதிய குடும்பத்தின் மகனாகிவிடும் முறை. மற்றொன்று கணவனின் இரண்டாம் திருமணம். எட்டு ஆண்டுகள் ஆகியும் குழந்தை பெறாத மனைவியை விடுத்து வேறொருத்தியை மணக்கலாம் என மனுஸ்மிருதி காலவரையறை கூறியிருந்ததால், குறை மனைவியிடத்தில்தான் என்னும் முடிவு எவ்வகைச் சோதனையும் இன்றியே சட்டத்தின் அடித்தளமாகிவிட்டது.

இதற்கு முற்றிலும் மாறான கருத்தில் எழுந்தது 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம். அதன் மூல வடிவில் தத்தெடுப்பவர் 50 வயதைக் கடந்தவராகவும், தமக்கென வழித்தோன்றல் இல்லாதவராகவும், தத்தெடுக்கப்படுபவரைவிடக் குறைந்தது 15 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும்; தத்தெடுக்கப்படுபவரோ சட்டப்படி வயதுவந்தவராக இருக்க வேண்டும். சிறுவரைத் தத்தெடுக்கப் பிரான்ஸ் இசைந்தது, முதல் உலகப் போர் எண்ணற்ற பிள்ளைகளை அநாதைகளாக்கிய பின் 1923இல்தான். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில், தொட்டிலில் இடத்தக்க குழந்தையைச் சுவீகாரம் வழங்கிய காலத்திலேயே, சிவில் சட்டம் சொத்தையும் பெயரையும் காக்கும் முதிர்ந்த வாரிசை மட்டுமே வழங்கிற்று.

இவ்வேறுபாடு 1881க்குப் பின் ஏட்டளவில் நில்லாமல் வீடுகளுக்குள் நுழைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான ஆணை, உள்ளூர் மக்கள் தம் வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க இடமளித்தது. அவ்வாறு துறந்து நிலையான குடும்பப் பெயர் பூண்டோர் ரெனோன்சான்கள் எனப்பட்டனர். ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போராடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லப்போர்த் என்னும் பெயரை ஏற்று இவ்வியக்கத்தின் முன்னோடியானார். துறந்தவரின் வீட்டில் தந்தைமை பற்றிய விதியும் மாறியது. திருமணத்துக்குள் கருவுற்ற குழந்தைக்குக் கணவனே தந்தை என்று வகுத்த சிவில் சட்டம், தனக்கு இயல்பான ஆண்மைக் குறைவு உண்டென்று காட்டிக் கணவன் அக்குழந்தையை மறுக்க முடியாது என்றும் தன் 313ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதியிருந்தது. ஆணிடமும் குறை இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் அறிந்தே இருந்தது என்பதற்கும், அதை அவனுடைய மானத்தின் பொருட்டு ஆராயாமல் மூடிவைக்க விரும்பியது என்பதற்கும் அப்பிரிவே சான்று.

அந்த மூடியைத் திறந்தது நுண்ணோக்கி. 1823இல் பிரெஞ்சு அரசு இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியே 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்றது. அதன் வழியே ஐரோப்பிய மருத்துவம் தமிழ் மாணவர்களின் கைக்கு வந்தது. விந்தணுவை டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக் 1677இலேயே கண்டிருந்தபோதும், ஒரு துளி விந்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் குறையைக் கண்டறியும் சோதனை இருபதாம் நூற்றாண்டில்தான் மருத்துவ வழக்கமாயிற்று. எவ்வித வலியும் தராத, மிகக் குறைந்த செலவில் முடியும் இச்சோதனைக்கு இணங்க மறுத்த ஆண்களால், எத்தனையோ பெண்கள் ஊசிகளையும் அறுவைகளையும் முதலில் தாங்க நேர்ந்தது. இது இத்துறையின் வரலாற்றில் மன்னிக்கத் தகாத பகுதி.

சிகிச்சைகளுள் மிகப் பழையது, கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் முறை, இன்று ஐ.யு.ஐ. என வழங்குவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் வழிகாட்டலில் ஒருவருக்கு இது பலித்ததாகக் கூறப்படுகிறது. பிரான்சிலும் மருத்துவர்கள் இதைக் கைக்கொண்டனர். ஆனால் அதற்குரிய கட்டணம் கேட்டு ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கில், இச்செயல் இயற்கை நெறிக்கு ஒவ்வாதது என்று போர்தோ நகர நீதிமன்றம் 1883இல் கண்டித்தது. புதுச்சேரியில் முதல் ரெனோன்சான்கள் சிவில் சட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அச்சட்டத்தின் தாயகம் இச்சிகிச்சையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் அது. இன்றைய முறையில் விந்து ஆய்வகத்தில் கழுவப்பட்டு, நன்கு அசையும் அணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டு, முட்டை வெளிவரும் நாளில் மெல்லிய குழாயின் வழியே கருப்பைக்குள் விடப்படுகின்றன. கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள்ளேயே நிகழ்வதால் செலவும் துன்பமும் குறைவு. எனினும் கருக்குழாய் ஒன்றேனும் திறந்திருக்க வேண்டும், விந்தணுக் குறைவு கடுமையாக இருக்கலாகாது.

கருக்குழாய் அடைபட்ட பெண்ணுக்கு இம்முறை பயன்படாது. இந்தியாவில் அவ்வடைப்புக்கு இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் ஒரு முக்கியக் காரணம் என்பதால், குழாயையே தவிர்த்துச் செல்லும் சோதனைக்குழாய் முறை, அதாவது ஐ.வி.எஃப்., இந்நாட்டுக்குத் தனிப் பொருள் உடையது. ஹார்மோன் ஊசிகளால் பல முட்டைகளை முதிரச் செய்து, அவற்றை வெளியே எடுத்து, ஆய்வகத் தட்டில் பல்லாயிரம் விந்தணுக்களோடு சேர்த்துவைத்து, உருவான கருவை மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் கருப்பைக்குள் வைப்பது இம்முறை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோரின் பத்தாண்டு உழைப்பால் 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் குழந்தை பிறந்தது.

அடுத்த 70 நாட்களில், அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் உடலியங்கியல் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா என்று பெயரிடப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. எளிய கருவிகளை மட்டுமே கொண்டிருந்த அவர், ஊசியால் முட்டைகளைத் தூண்டி வளர்த்தார். உருவான கருவை உறைநிலையில் காத்து, பின்வந்த ஒரு மாதச் சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். இங்கிலாந்துக் குழுவோ அப்போது ஊசியின்றி இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையைத்தான் நம்பியிருந்தது. இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்ட தூண்டலும் உறைவித்தலும் முகர்ஜியின் பாதையைச் சேர்ந்தவை. ஆயினும் மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்ல அனுமதி கிட்டவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட அவர் 1981 ஜூன் 19ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவோடு இணைந்து முதல் இந்தியச் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் எனப் போற்றப்பட்ட டி.சி. ஆனந்த் குமார், முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்தபின், அப்பெருமை அவருக்கே உரியது என்று 1997இல் அறிவித்தார். அறிவியல் வரலாற்றில் இத்தகைய நேர்மை அரிது.

இச்சிகிச்சை புதுச்சேரித் தம்பதியருக்கு எட்டும் தொலைவுக்கு வந்தது 1990இல், சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோதுதான். பிரான்சில் அது 1982 பிப்ரவரியிலேயே நிகழ்ந்திருந்தது. 1992இல் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள், ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்சி முறையை வெளியிட்டனர். விந்தணு மிகக் குறைந்த ஆணும், விந்தில் அணுவே வராமல் விரையிலிருந்து எடுக்க வேண்டியிருந்த ஆணும் தம் சொந்தக் குழந்தைக்குத் தந்தையாகும் வழி அப்போதுதான் பிறந்தது. எனினும் ஆணின் குறைக்கான இம்மருந்திலும் ஊசியையும் மயக்கத்தையும் ஏற்பவள் பெண்ணே என்பதை மறத்தலாகாது. விந்தணு இயல்பாக உள்ளபோது இக்சி, சாதாரண ஐ.வி.எஃப். முறையைவிடக் கூடுதல் பலன் தருவதில்லை என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருந்தும், அது எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுவது கட்டணத்தைக் கூட்டுமே தவிர வாய்ப்பைக் கூட்டாது. எம்முறையாயினும் பெண்ணின் வயது ஏற ஏற, குறிப்பாக 35க்குப் பின், பலன் குறைவதை எந்த ஆய்வகமும் மாற்றிவிடவில்லை.

செலவைப் பொறுத்தவரை பழைய இரட்டை நிலை வேறு வடிவில் தொடர்கிறது. பிரான்சின் பொதுக் காப்பீட்டுக்குள் வாழும் பெண்ணுக்கு அவளது 43ஆம் பிறந்தநாள் வரை ஆறு கருப்பைச் செலுத்தல்களும் நான்கு ஐ.வி.எஃப். முயற்சிகளும் முழுமையாக ஈடுசெய்யப்படுகின்றன. புதுச்சேரியிலிருந்து குடிபெயர்ந்து அங்கு வாழும் மகளுக்கு அவ்வுரிமை உண்டு. இங்கேயே தங்கிவிட்ட அவளுடைய தங்கை தனியார் மையத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் நகையை விற்றோ கடன்பட்டோ பணம் செலுத்த வேண்டியிருக்கிறது. குழந்தையில்லாமையை நோயாக ஏற்ற நாட்டுக்கும் அதைக் குடும்பத்தின் சொந்தச் சுமையாக விட்டுவிட்ட நாட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரே வீட்டின் இரு பெண்களுக்கிடையே வந்து நிற்பது வேதனைக்குரியது.

பிறர் தரும் விந்து, முட்டை பற்றியும் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. பிரான்சில் 1973 முதல் விந்துக் கொடை கட்டணமின்றி நடைபெற்றுவருகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அக்கொடையால் பிறந்தவர் வயதுவந்தபின் கொடையாளரை அறிய உரிமை பெற்றுள்ளார். இந்தியாவில் கொடையாளர் அறியப்படாதவராகவே இருக்கிறார். வாடகைத்தாய் ஒப்பந்தத்தை 1994இலேயே செல்லாததாக்கிய பிரான்ஸ் இன்றும் அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் வணிகமாக நடக்க விட்ட இந்தியா, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கைம்மாறு கருதாத வாடகைத்தாய்மையை மட்டும் அனுமதித்தது.

1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த புதுச்சேரிக்கு, 1963இல் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் நீட்டிக்கப்பட்டு, பெண் குழந்தையையும் தத்தெடுக்கும் உரிமை வந்தது. ஆனால் ரெனோன்சான்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்கப்பட்டது, அவ்விலக்கு இன்றும் நீடிக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமோ, இம்முறைகளால் பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியரின் உயிரியல் குழந்தையாகவே கருதப்படும், இயல்பாகப் பிறந்த குழந்தைக்குரிய எல்லா உரிமைகளும் அதற்கு உண்டு, கொடையாளருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் இல்லை என்று தன் 31ஆம் பிரிவில் வகுத்திருக்கிறது.