கிளேரோஸ்: சீட்டில் விழுந்த நிலம்

தமிழ் பைபிளில் நாம் 'சுதந்தரம்' என்று வாசிக்கிற சொல்லுக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'கிளேரோனோமியா' என்று பெயர். பரலோகத்தில் கிடைக்கப்போகும் சொத்து என்றே பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சொல் பிறந்தது வானத்தில் அல்ல.

'கிளேரோஸ்' என்பது சீட்டுப் போட எடுக்கும் சிறு கல் அல்லது மரத்துண்டு. பிறகு சீட்டில் விழுந்த பங்கு. அதன்பின் பங்காகக் கிடைத்த நிலம். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கப் போட்ட சீட்டுக்கும் இதே சொல்தான்.

சீட்டுப் போட்டுப் பிரித்தால் எல்லோருக்கும் சமம்தானே என்று தோன்றும். யாருக்குள் சமம் என்று நாம் கேட்டாக வேண்டும். கி.மு. 427இல் லெஸ்போஸ் தீவின் மித்திலேனே நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றது. மெத்தும்னா ஊரின் நிலம் தவிர மற்றதெல்லாம் 3000 கிளேரோஸ்களாக வெட்டப்பட்டது என்று துசிடிடீஸ் எழுதுகிறார். 300 தெய்வங்களுக்கு. மீதி, சீட்டுக் குலுக்கி ஏதென்ஸ்காரர்களுக்கு. உழுதவர்கள் யார்? அதே லெஸ்போஸ் மக்கள். தங்கள் சொந்த மண்ணில் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு மினா கட்டி உழுதார்கள். வென்றவனுக்குள் சமத்துவம், தோற்றவனுக்குக் குத்தகை. இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எபிரேய 'நஹலா'வை அலெக்சாந்திரியா யூதர்கள் கிரேக்கத்தில் எழுதியபோது கிளேரோனோமியாவைப் பெரிதும் எடுத்துக்கொண்டார்கள். அது குடும்பத்தின் காணி. செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் வந்து நின்று கேட்டு வாங்கியது அதைத்தான். அதை விற்க மறுத்ததற்காகத்தான் நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். நாபோத் நம்மவன். ஆனால் அந்த மண் அதற்கு முன் கானானியருடையது. ஏழு இனங்களை அழித்ததையும் நிலத்தைப் பங்கிட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறது. (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவை 'ஏழு ஜாதிகள்'.) அந்த ஏழின் பக்கம் நின்றும் நாம் இதை வாசிக்க வேண்டும்.

லேவியருக்கு நிலம் கிடையாது, கடவுளே அவர்கள் பங்கு. அந்த வழியில் கிளேரோஸ் குருமாரைக் குறிக்கும் லத்தீன் சொல்லாகி, எழுதத் தெரிந்தவனைக் குறித்து, கடைசியில் 'கிளார்க்' ஆனது. பட்டா கேட்டு நாம் போய் நிற்கிற மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்!

ரோமச் சட்டப்படி அடிமை சம்பாதிப்பதெல்லாம் எஜமானுக்குச் சேரும். அந்த உலகத்தில்தான் பவுல் கலாத்தியருக்கு, நீ இனி அடிமையல்ல, வாரிசு என்று எழுதினார். சாதாரணப் பேச்சல்ல அது. ஆனால் கொலோசெயர் நிருபத்தில் அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும். கிளேரோனோமியா ஆண்டவரிடமிருந்து வரும். பேதுருவின் முதல் நிருபத்தில் அது பரலோகத்தில் பத்திரமாக இருக்கிறது. காணி மேலே போய்விட்டது, கீழே உழைப்பு மட்டும் மிச்சம். மலைப்பிரசங்கமோ சாந்தகுணமுள்ளவர்கள் சுதந்தரிப்பதாகச் சொல்வது 'கே'யை. நிலத்துக்கும் பூமிக்கும் கிரேக்கத்தில் அந்த ஒரே சொல்தான். நாம் பிடித்துக்கொள்வது அதை.

'சுதந்தரம்' என்ற தமிழ்ச் சொல்லும் வெறும் வேதச் சொல் அல்ல. செங்கல்பட்டு மிராசுதார்கள் விளைச்சலில் எடுத்த உரிமைப் பங்குக்கும் 'சுதந்திரம்' என்றுதான் பெயர். பறையர் குடிசை போட்ட மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் அதை எழுப்பினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அது அப்படி வந்தது.

அந்த நிலம் கைமாறிப் போனதை எதிர்த்துக் காரணையில் மக்கள் இறங்கினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை.